மறு: 'வேக் வேர்ட்': எழுப்புசொல்லா, விளிச்சொல்லா?

நண்பர்களுக்கு வணக்கம்.

குரலுக்குப் பதில் சொல்லும் பெட்டியைக் கூப்பிட முதலில் சொல்கிற 'அலெக்ஸா' போன்ற சொல்லை ஆங்கிலத்தில் 'வேக் வேர்ட்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதுதான் கேள்வி. இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: எழுப்புசொல், விழிப்புச்சொல், குறிச்சொல். கடைசியதை முதலிலேயே கழித்துவிடலாம். இணையப் பதிவுகளுக்கு ஒட்டுகிற 'டேக்' அதில் எப்போதோ குடியேறிவிட்டது. மற்ற இரண்டிலும் எனக்கு ஒரே மனத்தாங்கல். அந்தப் பெட்டி தூங்குவதே இல்லையே, அப்புறம் எதை எழுப்புகிறோம்?

அமேசானின் எக்கோ என்ற அப்படிப்பட்ட பெட்டி இந்தியாவுக்கு வந்தது 2017-இல். எங்கள் அஸ்தம்பட்டி வீட்டுச் சமையலறை அலமாரியில் ஒன்று இரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறது. அதன் ஒலிவாங்கி எந்நேரமும் திறந்தே கிடக்கும். கேட்டதில் கடைசிச் சில நொடிகளை மட்டும் வைத்துக்கொண்டு, பழையதை அழித்தபடியே இருக்கும். 'அலெக்ஸா' என்ற ஓசை வந்ததா என்று பெட்டிக்குள்ளேயே ஒத்துப் பார்க்கும். ஒத்துப்போனால் நீல வளையம் எரியும். அதற்கப்புறம் நாம் பேசுவதுதான் இணையம் வழியே எங்கோ இருக்கும் கணினிக்குப் போகிறது. தூங்குகிறவரை உலுக்குகிற கதையல்ல இது. திண்ணையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது. அதற்குத்தான் எட்டாம் வேற்றுமை என்று பள்ளியில் படித்த 'விளி' இருக்கிறதே. என் பரிந்துரை: விளிச்சொல்.

உண்மையில் இதனால் அன்றாடம் பயன் உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். என் அம்மாவுக்கு உண்டு, ஒரே ஒரு வேலைக்கு. முறுக்கு மாவு முழங்கை வரை ஒட்டியிருக்க, அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்க, 'அலெக்ஸா, டைமர் டென் மினிட்ஸ்' என்பார். தமிழில் சொன்னால் எங்கள் பெட்டிக்குப் புரிவதில்லை. இந்த மூன்று ஆங்கிலச் சொல்லையும் பேத்தி சொல்லிக்கொடுத்தாள். விளக்கு, விசிறிக்கெல்லாம் அதைக் கூப்பிடமாட்டார். சுவிட்சுக்கு எழுந்து போவதுதான் தனக்கு நடைப்பயிற்சி என்பார்.

ஏற்காட்டில் சித்தப்பா வீட்டிலோ எல்லா விளக்கையும் குரலுக்கு மாற்றினார்கள். போன மழைக்கு சில்வர் ஓக் கிளை ஒன்று, மிளகுக் கொடியோடு சேர்ந்து, இணையக் கம்பிமேல் விழுந்தது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் பழுதுபார்க்க ஆள் வருவதற்குள் மூன்று நாள். கரண்ட் இருந்தது, விளக்கு இருந்தது, பெட்டியும் காது கொடுத்துக் கேட்டது. ஆனால் 'லைட் ஆன்' என்றால் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டது. இருட்டில் சுவரைத் தடவிப் பழைய சுவிட்சைக் கண்டுபிடித்தார் சித்தப்பா. விளிச்சொல் மட்டும் உள்ளேயே புரிந்து, மற்றதெல்லாம் வெளியே நடப்பதன் வினை இது.

—

தம்பி,

விளிச்சொல் நன்றாகவே இருக்கிறது. இரண்டு தடை சொல்கிறேன். பழைய செய்யுளில் விளிதல் என்றால் இறத்தல். வீட்டில் வைக்கிற பொருளுக்கு அந்த வாடை வேண்டுமா? அப்புறம் ளகர ழகரம். நாளைக்கே பாதிப் பேர் 'விழிச்சொல்' என்று எழுதுவார்கள்.

—

ஐயா,

முதல் தடைக்கு: இறத்தல் என்ற பொருளில் 'விளிந்தார்' என்று இன்று யாரும் பேசுவதுமில்லை, எழுதுவதுமில்லை. 'ஐயா என்று விளித்தார்' என்றால் எல்லோருக்கும் புரிகிறது. இரண்டாவது தடைதான் எனக்குப் பிடித்தது. தப்பாக எழுதுகிறவர் போய் விழுகிற இடம் விழிப்பு. பொருள் அவ்வளவாகக் கெடவில்லை!

ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க அதை வாக்கியத்தில் போட்டு ஓட்டவேண்டும். 'விளிச்சொல்லை மாற்று.' 'விளிச்சொல் கேட்கவில்லை, மீண்டும் சொல்லவும்.' அமைவு (செட்டிங்ஸ்) பக்கத்தில் இரண்டும் இடறாமல் ஓடுகின்றன. தொலைக்காட்சி விளம்பரத்தில் யாரோ அலெக்ஸா என்றதும் நம் வீட்டுப் பெட்டி கண் விழிக்கிறதே, அதைப் 'பொய்விளி' என்றே சொல்லிவிடலாம். இந்தப் பிள்ளைப்பேறு எழுப்புசொல்லுக்கு வாய்க்காது. 'எழுப்பு' உண்மையிலேயே தூங்குகிற கணினிக்கு மிஞ்சட்டும்.

நாமே விளிச்சொல்லைப் பழக்கிக்கொள்ளும் கட்டற்ற மென்பொருள்கள் வந்துவிட்டன. அம்மாவுக்குப் பிறந்த ஊர் எடப்பாடிப் பக்கம்; பெட்டியை மறந்தாற்போல 'அம்மணி' என்று கூப்பிட்டுவிட்டு, அது வாய் திறக்காததற்குக் கோபித்துக்கொள்வார். அதையே பழக்கிவிடலாமா என்று கேட்டேன். விளிச்சொல்லுக்கு இரண்டு மூன்று அசையாவது இருக்கவேண்டும், அன்றாடப் பேச்சில் அடிக்கடி வரக்கூடாது. அலெக்ஸாவைத் தேர்ந்ததற்கு நடுவில் வருகிற அந்த 'க்ஸ்' ஓசையும் ஒரு காரணம். இதையெல்லாம் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவரே சொன்னார்: "வேண்டாம் சாமி. பக்கத்து வீட்டுப் புள்ளையைக் கூப்புட்டா இதுவும் ஏன்னு கேக்கும்."