தடுப்புச் சுவர் வசூல்: கோத்தகிரி மேல்தெரு குழு

பொருளாளர் (மாலை 6:10): அனைவருக்கும் வணக்கம். கோடை மழைக்கு முன் தடுப்புச் சுவரைக் கட்டியாக வேண்டும். நம் தெருவின் பங்கு ரூ.17,500. கூட்டத்தில் அவரவர் சொன்ன வருமானத்தைக் கூட்டி வகுத்தேன். ஏழு வீட்டுக்கும் சராசரி மாதம் ரூ.50,000. ஆகவே வீட்டுக்கு ரூ.2,500 யாருக்கும் பாரமாக இருக்காது.

மேல்வீட்டு அக்கா (6:14): அண்ணா, ஐம்பதாயிரம் யார் வீட்டில் வருகிறது? உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகிய பிறகு எங்களுக்குப் பத்தாயிரம் வந்தாலே பெரிது.

கணக்கு டீச்சர் (6:21): வகுத்தது சரிதான் அண்ணா. ஆனால் பெயர் போடாமல் தொகைகளை மட்டும் வரிசைப்படுத்திப் பாருங்கள்.
10,000 / 12,000 / 14,000 / 16,000 / 18,000 / 20,000 / 2,60,000
ஐம்பதாயிரத்தை ஒட்டி ஒரு வீடும் இல்லை. நடுவில் நிற்பது 16,000. மூன்று வீடுகள் அதற்குக் கீழே, மூன்று மேலே. இதுதான் இடைநிலை.

பொருளாளர் (6:23): காட்டேஜ் சாரின் வாடகை வருமானம் 2,60,000 சேர்ந்ததால் சராசரி ஏறிவிட்டதா?

கணக்கு டீச்சர் (6:26): ஆமாம். சீசனில் அவருக்கு 5,40,000 வந்தால் சராசரி 90,000 ஆகிவிடும். மற்ற ஆறு வீட்டில் ஒரு ரூபாய்கூடக் கூடியிருக்காது. இடைநிலை அதே 16,000தான்.

கல்லூரித் தம்பி (6:28): செய்தியில் வரும் தனிநபர் வருமானம்?

கணக்கு டீச்சர் (6:31): அதுவும் சராசரிதான் தம்பி. 2022-23க்கு ஆண்டுக்கு ரூ.1,72,000 என்று அறிவித்தார்களே, நாட்டின் மொத்த வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்தது அது. கைக்குழந்தையும் அதில் ஒரு தலை. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை குடும்ப வருமானத்துக்கு இடைநிலையைத்தான் முன்வைக்கிறது. 2023இல் 80,610 டாலர்.

பொருளாளர் (6:33): அப்படியானால் சராசரியே வேண்டாமா?

கணக்கு டீச்சர் (6:38): வேண்டும். மொத்தத்தை அறிய அதுதான் உதவும். 50,000ஐ ஏழால் பெருக்கினால் தெருவின் மொத்த வருமானம் 3,50,000. அதில் 5 சதவீதம் சரியாக 17,500! அவரவர் வருமானத்தில் 5 சதவீதம் கொடுத்தாலே சுவர் எழும்பிவிடும். அக்காவுக்கு 500, காட்டேஜ் சாருக்கு 13,000. எல்லோருக்கும் 2,500 என்றால் அக்காவின் வருமானத்தில் கால் பங்கு போய்விடும். சாருக்கோ நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. இது அநியாயம் அண்ணா.

காட்டேஜ் சார் (7:02): டீச்சர் சொல்வது நியாயம். மண் சரிந்தால் முதலில் விழுவது என் பின்சுவர். நாளைக் காலை 13,000 தருகிறேன்.

பொருளாளர் (7:05): மிக்க நன்றி சார். புதிய பட்டியல் போடுகிறேன். அக்கா, கொழுந்துப் பணம் வந்தபின் கொடுத்தால் போதும்.

மேல்வீட்டு அக்கா (7:06): சரி அண்ணா. மேஸ்திரி என்றைக்கு வருகிறார்? கல் இறக்க எங்கள் வாசலை ஒழித்து வைக்கிறேன்.