பெல்லட்டிலிருந்து புல்லுக்கு: உங்கள் முயல் எப்படி மாறியது?

புல்தரை:
தானியக் கலவை மட்டுமே தின்று வளர்ந்த முயல் எங்களிடம் வந்தது. கலவையில் இனிப்பானதைப் பொறுக்கித் தின்றுவிட்டு, நார்ச்சத்துள்ள துண்டுகளை அப்படியே ஒதுக்கிவிடும். திமோதி என்ற காய்ந்த தீவனப் புல்லைக் குவித்து வைத்தால் அதன்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம், எல்லோரும் செய்வதுதான். ஒரே ஒரு இரவு மட்டும் இன்னும் மனதில் நிற்கிறது. விளக்கை அணைத்த பிறகு மூலையிலிருந்து சரக் சரக்கென்று சத்தம். போய்ப் பார்த்தால், நீளமான தண்டு ஒன்று வாய்க்குள் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது. தாடை பக்கவாட்டில் அரைத்தது. கலவையைத் தின்னும்போது அந்தத் தாடை அப்படி அசைந்து நான் பார்த்ததே இல்லை. அசையாமல் நின்றுவிட்டேன். உங்கள் வீட்டில் எப்படி நடந்தது?

கருஞ்செவி:
எங்கள் முயல் புல்லைத் தொட்டது இடத்தை மாற்றிய பிறகுதான். தின்றுகொண்டே புழுக்கை போடுவது முயலின் இயல்பு. அதனால் கழிவுத் தட்டின் ஓரத்திலேயே புல் கூடையை மாட்டினோம். தட்டில் உட்கார்ந்தபடி கழுத்தை மட்டும் நீட்டி ஒரு இழையை உருவியது பாருங்கள், அன்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பெல்லட்டை, அதாவது அரைத்து அழுத்திய தீவனத் துண்டுகளை, ஒரேயடியாக நிறுத்திவிடுங்கள், பசித்தால் தானாகத் தின்னும்.

மழைக்காலம்:
கருஞ்செவி, இடத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் "பசித்தால் தின்னும்" என்று மட்டும் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். என் தங்கை வீட்டில் யாரோ சொன்னதைக் கேட்டு இப்படித்தான் நிறுத்தினார்கள். நான் போனபோது முயல் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தது. கொத்தமல்லியை மூக்கருகே நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம், பிழைத்தது.

முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே எதுவும் போகாவிட்டால் ஓட்டம் மந்தமாகும், வாயு சேரும், வலியில் இன்னும் தின்னாது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. குண்டு முயல் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்து. 12 மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சரி, எப்படித்தான் மாற்றுவது? சில வாரங்களாவது எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தானியக் கலவைக்குப் பதில், எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இருக்கும் பெல்லட்டுக்கு வாருங்கள், அதையும் பழையதோடு கலந்து கலந்துதான். பிறகு அளவைக் குறையுங்கள். வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் பெல்லட் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. உணவில் 80 சதவீதத்துக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும். அது எப்போதும் எதிரில் கிடக்கட்டும். புதிய கீரையானால் ஒரு நேரத்தில் ஒரு வகை மட்டும், சிறிதளவு. கேரட்டிலும் பழத்திலும் சர்க்கரை அதிகம், எப்போதாவது ஒரு துண்டு போதும். வாராவாரம் எடை பாருங்கள், தினமும் புழுக்கையைப் பாருங்கள். சிறுத்தாலோ குறைந்தாலோ ஒரு படி பின்வாங்குங்கள். நீளமாகிவிட்டது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இலைச்சருகு:
மழைக்காலம் சொன்னது எல்லாம் சரி, ஒன்று விட்டுப்போனது. எவ்வளவு பொறுமையாக மாற்றினாலும் சில முயல்கள் புல்லை நெருங்கும், வாயில் எடுக்கும், கீழே போட்டுவிடும். அதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளரும், முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர். புல்லை அரைத்துத்தான் கடைவாய்ப்பல் தேய வேண்டும். தேயாவிட்டால் ஓரத்தில் கூர்முனை வளர்ந்து நாக்கைக் கிழிக்கும். எங்கள் முயலின் மோவாய் எச்சிலில் நனைந்திருந்ததைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது. மருத்துவர் முனைகளைத் தேய்த்துவிட்டார். அதன் பிறகு எந்தத் தந்திரமும் தேவைப்படவில்லை.

இன்னொன்று. முன்பெல்லாம் அதன் பின்புறம் எப்போதும் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். திராட்சைக் கொத்து போன்ற மென்மையான புழுக்கை ஒன்று உண்டல்லவா, முயல் குனிந்து நேராக வாயில் வாங்கித் தின்பது? மாவுச்சத்து மிஞ்சினால் அது இளகிவிடும், முயலும் தின்னாமல் விட்டுவிடும். பி வைட்டமின்களும் புரதமும் அதில்தான் இருக்கின்றன. புல்லுக்கு மாறிய பிறகு ஒரு காலையில் அது குனிந்து அதைத் தின்பதைப் பார்த்தேன். பின்புறம் சுத்தமாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிறுபாதம்:
என் குட்டிக்கு நான்கு மாதம். குதிரை மசால்தான் ஆசையாகத் தின்கிறது. அதுவும் புல்தானே, அப்படியே தொடரலாமா?

மழைக்காலம்:
மசால் புல் அல்ல, பயறு வகைச் செடி. இப்போது கொடுக்கலாம், வளரும் குட்டிக்கு அந்தப் புரதமும் கால்சியமும் வேண்டும். ஆனால் இன்றிலிருந்தே திமோதியையும் கலந்து வையுங்கள். ஆறு, ஏழு மாதத்துக்குள் மசாலை முழுதாகக் குறைத்துவிடுங்கள். முயலின் குடல் உணவிலுள்ள கால்சியத்தைத் தேவை பார்க்காமல் உறிஞ்சும், மிஞ்சியது சிறுநீரில்தான் வெளியேறும். சிறுநீர் சேறு போலக் கெட்டியாக வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.