"எங்களைக் கர்த்தர் காப்பாற்றினார்" என்று சாட்சி சொன்னேன், இப்போது மனசு உறுத்துகிறது

கடுகுவிதை:
புயல் அடித்து இது மூன்றாவது ஞாயிறு. ஆலயத்துக்குக் கூரை இல்லை, தார்ப்பாய் கட்டித்தான் ஆராதனை. கர்த்தர் தங்களுக்குச் செய்ததை ஒவ்வொருவரும் சபைக்கு முன் சொல்லும் சாட்சி நேரத்தில் நான் எழுந்து, ராத்திரி முழுக்க ஜெபித்தோம், அதனால் எங்கள் வீட்டில் ஒரு ஓடுகூட விழாமல் கர்த்தர் காத்தார் என்று சொன்னேன். மனதார, நன்றியோடுதான் சொன்னேன். முன் வரிசையில், சுவர் இடிந்து விழுந்ததில் கணவரை இழந்த அக்கா இருந்தார். மடியில் அவருடைய வேதாகமம். தண்ணீரில் ஊறி உப்பிப்போய், தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நான் பேசப் பேச அவர் நகத்தால் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக்கொண்டே இருந்தார், நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அன்று ராத்திரி அவர்களும் ஜெபித்தார்கள். எனக்குத் தெரியும், ஏனென்றால் லைன் கட்டாகும் வரை போனில் நாங்கள் சேர்ந்துதான் ஜெபித்தோம். இனிமேல் சாட்சியே சொல்லக் கூடாதா? அவரிடம் போய் என்ன பேசுவது?

சாயங்கால மணி:
சகோதரி, சாட்சி சொன்னது தப்பில்லை. அதில் வந்த "அதனால்"தான் குத்தியிருக்கும். வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தை இன்னொரு தடவை நிதானமாக வாசியுங்கள். ஏரோது ராஜா இயேசுவின் சீஷனான யாக்கோபைப் பட்டயத்தால் வெட்டிப்போடுகிறான், அதே அதிகாரத்தில் இன்னொரு சீஷனான பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து வெளியே கொண்டுவருகிறான். ஒரே சபை, ஒரே பகை. யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா எழுதவில்லை, ஏன் ஒருவர் போனார், ஒருவர் தப்பினார் என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்காதீர்கள் என்றுதான் இயேசு சொன்னார் (லூக்கா 13). நன்றி சொல்லுங்கள், காரணம் சொல்லாதீர்கள்.

ஈரமண்:
நான் அந்த அக்காவின் இடத்தில் இருந்தவன். சில வருஷத்துக்கு முன் வெள்ளத்தில் அம்மா போய்விட்டார். வந்தவர்கள் எல்லாரும் தேவசித்தம், நல்ல இடத்துக்குப் போயிட்டாங்க என்றார்கள், நல்ல மனசோடுதான் சொன்னார்கள், ஆனால் அந்த வார்த்தை ஒவ்வொன்றும் என் வாயை அடைத்தது. ஒரே ஒரு அண்ணன் மட்டும் மண்வெட்டியோடு வந்தார். வீட்டுக்குள் கணுக்கால் அளவு சேறு. நாலு நாள் சாயங்காலம் வந்து வாரிக் கொட்டிவிட்டுப் போனார், ஒரு வசனம் சொல்லவில்லை. வேதாகமத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ராப்பகலாகப் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

இன்னொன்று, எங்கள் சபையில் வாராவாரம் தேவன் நமக்கு அடைக்கலம் என்கிற 46-ஆம் சங்கீதமே வாசித்தார்கள். 88-ஐ யாரும் தொடவில்லை. அது ஆறுதல் இல்லாமல் இருளிலேயே முடிகிற சங்கீதம், அப்படியும் ஜெபிக்கலாம் என்று வேதமே இடம் கொடுத்திருக்கிறது. அதை உரக்க வாசித்திருந்தால் நான் இரண்டு மாசம் ஆராதனைக்கு வராமல் இருந்திருக்க மாட்டேன்.

வழித்துணை:
மேலே இருவரும் சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: முதல் வாரம் அரிசியும் போர்வையும் வந்து குவியும், ஒரு மாசம் கழித்து யாரும் இருக்க மாட்டார்கள். இறப்புச் சான்றிதழ், வங்கி, நிவாரண மனு எல்லாவற்றுக்கும் அவர் தனியாக அலைவார், ஒவ்வொரு இடத்திலும் எப்படி இறந்தார் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். கூடப் போங்கள். அப்புறம், சபை உதவிப் பட்டியலில் நம் ஆட்கள் முதலில் என்று யாராவது ஆரம்பித்தால் தயவுசெய்து தடுங்கள். அப்போஸ்தலன் பவுல் போன கப்பல் உடைந்து அவரோடு கரையேறிய 276 பேருக்கும் மழையிலும் குளிரிலும் நெருப்பு மூட்டிக் கொடுத்தவர்கள் மெலித்தா தீவின் ஜனங்கள், பவுலின் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்கள்.

கடுகுவிதை:
நேற்று போனேன். "அதனால்" என்று நான் சொல்லியிருக்கக் கூடாது அக்கா என்று மட்டும் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, வேதாகமத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து ஏசாயா வரைக்கும் பிரித்தோம், மீதி இன்னும் ஒட்டித்தான் இருக்கிறது. சான்றிதழுக்குத் திங்கட்கிழமை கூடப் போகிறேன்.