36ஆ 38ஆ? ஒரு றோலில் கலியாணவீடு எடுத்த கதை

கொக்குவில் கமரா:
சொந்தக்காரர் ஒருவர் முகநூலில் எழுதியிருக்கிறார். கலியாணப் படத்துக்கு ஒன்றரை லட்சம் கேட்பது பகல்கொள்ளையாம், அந்தக் காலத்தில் ஒரேயொரு 36 படப் பிலிம் றோலோடு முழுக் கலியாணவீட்டையும் எடுத்து முடித்தார்களாம். வாசித்ததில் இருந்து வயிறு எரிகிறது. விடிய நாலு மணிக்குப் பொம்பிளை வீட்டுக்குப் போய், மேக்கப் முடியும்வரை வாசலில் நின்று, மணவறை, தாலிகட்டு, பிறகு வெயிலோடு வெயிலாகக் கசூரினாக் கடற்கரையில் சோடிப் படம், இரவு வரவேற்பு என்று ஓடினால் மூவாயிரம் படம் சேரும். அதில் எண்ணூறைப் பொறுக்கி நிறம் திருத்த ஒரு கிழமை. ஆடியிலும் மார்கழியிலும் கலியாணமே இல்லை, அடையாள அட்டைப் படத்தோடு காலம் போகிறது. கமரா இரண்டு வேண்டும், தாலி கட்டும் நேரம் ஒன்று நின்றுவிட்டால் அவிழ்த்துவிட்டு இன்னொரு தரம் கட்டுங்கோ என்று ஐயரிடம் சொல்ல ஏலாது. இதையெல்லாம் 36 றோலோடு ஒப்பிடுகிறார் மனுசன்.

இருட்டறை:
தம்பி, நீர் சொல்வது எல்லாம் சரி. ஆனால் ஒரு றோலில் 36 இல்லை, 38. நாங்கள் 38 எடுத்தோம்.

கொக்குவில் கமரா:
ஐயா, அதுவா இப்ப பிரச்சினை? பெட்டியில் 36 என்றுதானே போட்டிருக்கும்.

இருட்டறை:
பெட்டியை வாசிக்கிறவனுக்கு 36. றோல் மாட்டத் தெரிந்தவனுக்கு 38. நீங்கள் பிலிமின் முன்முனையை, அந்த நாக்கை, நீட்டமாக இழுத்து மாட்டி, மூடியைச் சாத்திவிட்டு இரண்டு மூன்று தரம் சும்மா அடித்து வீணாக்குவீர்கள். நாங்கள் இருட்டில், கறுப்புத் துணிக்குள் கையை விட்டு, நாக்கைக் கட்டையாகக் கொடுத்து மாட்டுவோம். ஓரத்தில் 1க்கு முன்னால் வருகிற 00 உம் படம், 0 உம் படம். 1990க்குப் பிறகு, யுத்த நேரம், இங்கே யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, பற்றரிக்கும் தடை, றோல் கிடைப்பது குதிரைக்கொம்பு. பிளாஷை மறந்துவிடும். மெக்கானிக்கல் கமரா என்றபடியால் பற்றரி இல்லாமலும் சட்டர் வேலை செய்யும், வெளிச்சம் அளக்கிற மீற்றர்தான் செத்துவிடும். றோல் பெட்டியில் அச்சடித்திருந்த வெயில், முகில் படத்தைப் பார்த்து லென்ஸ் துவாரத்தை நல்ல வெயிலுக்கு 16, முகிலுக்கு 8 என்று வைத்து அடிப்போம். வாசலில் வெள்ளை வேட்டியைப் பிடித்துப் பொம்பிளையின் முகத்துக்கு வெளிச்சம் தெறிக்க விடுவோம். பொன்னுருக்குக்கு 2, தோழன் கால் கழுவ 1, தாலிக்கு 2, கூறை மாற்றி வந்தபின் 1, ஆராத்திக்கு 1, மிச்சம் சொந்தபந்தம். அந்தக் கடைசி இரண்டும் யார் தெரியுமா? பொம்பிளையின் அம்மம்மாவும் மாப்பிள்ளையின் பெரியப்பாவும். அவர்களை விட்டுவிட்டு வந்து பாரும், சன்மானம் வருமா என்று.

ரொறன்ரோ மாமா:
36உம் இல்லை, 38உம் இல்லை. அந்தக் காலத்துக் கலியாணம் என்றால் அகலமான 120 பிலிம், யாஷிக்கா மாட் கமரா, சதுரப் படம், றோலுக்கு 12. என்ர கலியாணம் 1979இல், மொத்தம் 24 படம், ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி. இப்போதைய மூவாயிரத்தில் ஒன்றைச் சுவரில் மாட்ட முடியுமா?

இருட்டறை:
120ஐப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. 35 மில்லிமீற்றர் றோலைத்தான் கதைக்கிறோம். 38.

லென்ஸ் பொடியன்:
ஐயா குழம்பிவிட்டார் போல. பிரேமின் அகலம் 36 மில்லிமீற்றர். ஒரு படத்துக்குப் பிலிம் ஓரத்துத் துளைகளில் எட்டு நகரும், அந்தத் தூரம்தான் 38 மில்லிமீற்றர். 38 எங்கேயிருந்து வந்தது என்று இப்ப விளங்குகிறதா? 😄

இருட்டறை:
நான் குழம்பினேனா? நீர் பிறக்க முதல் நான் றோல் கழுவினவன். உம்முடைய கணக்கையே எடும். 36ஐ 38ஆல் பெருக்கினால் 1368 மில்லிமீற்றர். றோலின் நீளம் 1.6 மீற்றர் அளவில் வரும். மிச்சம் எங்கே போகிறது, நாயா தின்றது? அந்த மிச்சத்தில்தான் என்னுடைய இரண்டு படமும் இருக்கிறது.

லென்ஸ் பொடியன்:
அது மாட்டுவதற்கு விட்ட இடம் ஐயா.

இருட்டறை:
மாட்டத் தெரியாதவனுக்கு விட்ட இடம்.

அவசரம் 21:
இடையில் மன்னிக்கவும். கடவுச்சீட்டுப் படம் எடுக்க ஞாயிறு திறந்திருக்கிற, அங்கீகாரம் உள்ள ஸ்ரூடியோ திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறதா?

சாவகச்சேரி மாப்பிள்ளை:
எண்ணிக்கை கிடக்கட்டும். நான் முழுக்காசும் கட்டினேன், ரோ பைல், அதுதான் கமராவில் பதிந்த திருத்தாத மூலப் படம், கேட்டால் தரமாட்டேன் என்கிறார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை வாசித்துப் பாருங்கள். காசு கொடுத்துச் செய்வித்த வேலையின் பொருளாதார உரிமை செய்வித்தவனுக்குத்தான். கொக்குவில், உங்களைத்தான் கேட்கிறேன்.

கொக்குவில் கமரா:
ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய என்று அதிலேயே இருக்கிறதே, அந்த வரி மட்டும் கண்ணில் படவில்லையா? நான் எழுதி, கையெழுத்து வாங்கித்தான் வேலை எடுக்கிறேன். அதோடு, பந்தியில் சாப்பிட்டு எழும்பினவர் அடுப்படிக்குப் போய், ஊறவைத்த அரிசியையும் கட்டித் தா என்று கேட்பாரா? ரோ பைல் என்றால் அந்த அரிசிதான். அதை உங்கள் மச்சான் போனில் திருத்தி, பொம்பிளையை மஞ்சள் பூசணி மாதிரி ஆக்கிப் போட்டுவிட்டு, கீழே என் பெயரைப் போடுவார்.

சாவகச்சேரி மாப்பிள்ளை:
என் மச்சானை ஏன் இழுக்கிறீர்கள்? அவர் உங்களைவிட நன்றாக எடுப்பார்.

கொக்குவில் கமரா:
அப்ப அவரையே பிடித்திருக்கலாமே.

இருட்டறை:
சட்டம் 36 ஆகவே இருக்கட்டும். றோல் 38.

பழைய கையாள்:
ஐயா, வணக்கம். ஆளைப் பிடித்துவிட்டேன், வேட்டி பிடிக்கிற கதையிலேயே தெரிந்தது. அந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். கை உளைந்தது இன்னும் ஞாபகம். 38ஆவது படத்தின் கதையை முழுக்கச் சொல்லுங்கோவன். பிலிம் முடிந்து படம் பாதியில் நின்றுவிட்டது. பெரியப்பா வந்தார், பக்கத்தில் நின்ற பெரியம்மாவின் தோள் மட்டும்தான் வந்தது. பெரியம்மா ஸ்ரூடியோவுக்கே வந்து சண்டை பிடித்தா. பேச்சு வாங்கினதும் நான்தான். அந்தக் கலியாணத்துக்கு எனக்குத் தர வேண்டிய மிச்சக் காசு, ஐயா, இன்னும் வரவில்லை.

லென்ஸ் பொடியன்:
அப்ப 37½ 😂😂

ரொறன்ரோ மாமா:
120இல் இந்தப் பிரச்சினையே வராது. 12 என்றால் 12.

கொக்குவில் கமரா:
நான் தொடங்கினது ஒன்றரை லட்சத்தைப் பற்றி.

இருட்டறை:
கையாள், நீர் வேட்டியை ஒழுங்காகப் பிடித்திருந்தால் இரண்டாம் தரம் அடிக்க வேண்டி வந்திராது, அதில் ஒரு படம் போனது. அதற்குத்தான் காசைப் பிடித்தேன். பெரியம்மா சொன்ன இடத்தில் நிற்கவில்லை, அது என் பிழை இல்லை. பெரியப்பா முழுதாக இருக்கிறார், மீசை உட்பட. நெகட்டிவ் வீட்டில் மேல்தட்டில் பிஸ்கட் ரின்னுக்குள் கிடக்கிறது, மகன் வந்ததும் இறக்கிப் படம் பிடித்துப் போடுகிறேன், ஓரத்தில் இருக்கிற நம்பரை 00 இலிருந்து நீங்களே எண்ணுங்கள். 38.

அவசரம் 21:
ஞாயிறு யாராவது?