பெண் கதாபாத்திரத்துக்கு எஃகுக் கவசம்: மார்புத்தகட்டை எப்படி வடிப்பது?

நெடுவழி:

ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் கணினி விளையாட்டுக்கு ஒரு முழு எஃகுக் கவசம் மாட் (விளையாட்டில் ரசிகர்கள் சேர்க்கும் மாற்றம்) செய்துகொண்டிருக்கிறேன். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வடித்து, உடை பொருத்தும் அவுட்ஃபிட் ஸ்டுடியோவில் கதாபாத்திரத்தை அசைக்கும் எலும்புகளோடு இணைக்கிறேன். ஆண் உடலுக்கு வேலை முடிந்துவிட்டது. பெண் உடலில்தான் சிக்கல். சிபிபிஇ என்ற பெண் உடல் மாட்டை வைத்து, உடல் அளவை மாற்றும் ஸ்லைடர்களை ஒத்திசைத்ததும் மார்புத்தகடு இரண்டு கிண்ணங்களாகப் பிரிந்துவிடுகிறது. கதாபாத்திரம் ஓடும்போது எஃகு குலுங்குகிறது. பிளெண்டரில் அந்த இடத்தைச் சமமாக்கிப் பார்த்தால், விளையாட்டுக்குள் நடுவில் ஒரு பள்ளம் நிழலாகத் தெரிகிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு. கிண்ணம் இல்லாவிட்டால் பார்ப்பவர்கள் ஆண் என்றுதான் நினைப்பார்கள் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தோலைக் காட்டாமல், தகட்டில் மார்பை வடிக்காமல், தூரத்திலிருந்து பார்த்தாலும் பெண் வீரர் என்று புரியவைக்க என்ன செய்யலாம்? பெண்ணுக்குத் தனி மெஷ் (முப்பரிமாண வடிவத்தின் புள்ளி வலை) தேவைதானா?

கவசக்கொல்லன்:

வேலையை உடலிலிருந்து தொடங்கியதால்தான் கிண்ணம் வந்தது. உள்ளே போடும் மெத்தைச் சட்டையிலிருந்து தொடங்குங்கள். எஃகு ஒருபோதும் தோலை ஒட்டி உட்காராது. பல அடுக்குத் துணி வைத்துத் தைத்த சட்டை, அதன்மேல் கொஞ்சம் இடைவெளி, அதற்கும் மேல்தான் தகடு. அந்தச் சட்டையைப் போட்டு நாடாவை இறுக்கிக் கட்டியதுமே மார்பின் தனி வடிவம் அடங்கி, நெஞ்சு முழுவதும் ஒரே வளைவாகிவிடும். தகடு அந்த வளைவைத்தான் பின்பற்ற வேண்டும்.

15, 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மார்புத்தகடுகளைப் பக்கவாட்டில் பாருங்கள். ஆணுக்குச் செய்ததே நன்றாகப் புடைத்து, இடுப்பில் சட்டென்று ஒடுங்கும். புடைப்பு இருப்பது அடி வழுக்கி வெளியே போவதற்காக. தகடு நசுங்கினாலும் விலா எலும்பைத் தொடக் கூடாது என்பதற்காகவும்தான். இடை ஒடுங்குவது எடைக்காக. முழுக் கவசம் சுமார் 20 முதல் 25 கிலோ வரும். மார்பு, முதுகுத் தகடுகளின் பாரம் தோளில் மட்டும் தொங்கினால் சீக்கிரம் களைப்பு வரும். அதில் ஒரு பங்கு இடுப்பில் உட்கார வேண்டும். ஆக, உங்களுக்குத் தேவையான இடமும் குறுகிய இடையும் அந்தப் பழைய வடிவத்திலேயே இருக்கின்றன. பெண் உடலுக்கு அந்தப் புடைப்பின் உச்சத்தைச் சற்று மேலே ஏற்றினால் போதும்.

இரண்டு கிண்ணம் வைத்தால் நடுவே ஒரு பள்ளம் வரும். எந்தப் பக்கத்திலிருந்து வாள் முனையோ ஈட்டி முனையோ வழுக்கி வந்தாலும் அந்தப் பள்ளத்தில் இறங்கி நெஞ்செலும்புக்கு நேராக நின்றுவிடும். அதுதான் குறை. இப்படிப்பட்ட தகட்டோடு குப்புற விழுந்தாலே நெஞ்செலும்பு முறியும் என்று இணையத்தில் பரவியிருப்பது மிகை. உள்ளே மெத்தை இருக்கிறது. மிகையைச் சொல்லி வாதாடினால் நல்ல வாதமும் சேர்ந்து அடிபடும்.

ரோமானியத் தளபதிகள் நெஞ்சுத் தசையை அப்படியே வடித்த கவசம் அணியவில்லையா என்று கேட்பார்கள். அணிந்தார்கள், பதவியைக் காட்டுவதற்காக. உங்கள் விளையாட்டில் அப்படி ஒரு பண்பாடு இருந்தால் தாராளமாக வடிக்கலாம், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு மேலோட்டமாக. பிரெஞ்சுப் படையோடு போரிட்ட ஜோன் ஆஃப் ஆர்க்கையும் இழுப்பார்கள். 1429இல் பிரான்சின் தூர் நகரில் அவருக்குக் கவசம் செய்ய 100 லிவ்ர் (அக்காலப் பிரெஞ்சுப் பணம்) கொடுத்ததற்குக் கணக்கு உண்டு. கவசம் நம் கைக்கு வரவில்லை. பிற்கால ஓவியங்களில் காணும் வடிவம் ஓவியர்களின் கற்பனை, அதை அளவாக எடுக்காதீர்கள்.

அளவு சொல்கிறேன். ஸ்கைரிமில் ஒரு மீட்டர் ஏறக்குறைய 70 யூனிட். உடலின் மிக முன்னே நிற்கும் புள்ளியிலிருந்து 1.5 யூனிட், அதாவது சுமார் 2 செ.மீ. விட்டு, அக்குளிலிருந்து அக்குள்வரை ஒரே வளைவாக இழுங்கள். நடுவில் ஒரு கோடு வேண்டுமென்றால் வெளியே எழும் முகடாக வையுங்கள், உள்ளே இறங்கும் பள்ளமாக வேண்டாம். கை வெட்டை, அதாவது கை வெளியே வரும் திறப்பை, ஆண் தகட்டைவிட உள்ளே தள்ளுங்கள். பெண் மாடலின் தோள் குறுகல். இல்லாவிட்டால் இரு கை வாளைப் பிடிக்கும்போது புஜம் தகட்டுக்குள் புகும்.

முக்கோணவலை:

மேலே சொன்ன வடிவம் கச்சிதம். அதை விளையாட்டுக்குள்ள கொண்டுபோற வழியை நான் சொல்றேன்.

எஃகு குலுங்குறதுக்குக் காரணம் வெயிட் நகல். அவுட்ஃபிட் ஸ்டுடியோவில் போன் வெயிட்டை, அதாவது எந்த எலும்பு எந்தப் புள்ளியை எவ்வளவு அசைக்கணும்ங்கிற மதிப்பை, உடல்லேர்ந்து நகல் எடுத்தா, மார்பு எலும்புகளோட வெயிட்டும் சேர்ந்து தகட்டுக்கு வந்துடும். உடலுக்கு அசைவு கொடுக்குற அதே எலும்பு தகட்டையும் ஆட்டும். அதனால உலோகப் பாகம் எதுக்கும் நகல் வேண்டாம். மார்புத்தகட்டோட எல்லாப் புள்ளிக்கும் ஸ்பைன் 2 (மேல்முதுகு) எலும்பை முழு மதிப்பில் பூசுங்க. இடுப்புக்குக் கீழே வர்ற வளையத் தகடுகள் பெல்விஸ் (இடுப்பு) எலும்புக்கு. தொடைத்தகடு அந்தந்தத் தொடை எலும்புக்கு. தோள்கவசத்துக்கு ஸ்கைரிம் எலும்புக்கூட்டிலேயே பால்ட்ரன்னு தனி எலும்பு இருக்கு, அதைப் பயன்படுத்துங்க. மேல்கை எலும்புக்கு முழுசாக் கொடுத்தா, கையைத் தூக்கும்போது தகடு காதில் போய் இடிக்கும். நகல் எடுக்க வேண்டியது துணி, தோல் வார், உள்சட்டை இதுக்கு மட்டும்.

அடுத்தது ஸ்லைடர். ஒத்திசைக்கும்போது தகட்டு மெஷ்ஷும் உடலோட மார்பு ஸ்லைடர்களைப் பிடிச்சுக்கும். தகட்டை மட்டும் தேர்ந்தெடுத்து மார்பு சம்பந்தப்பட்ட ஸ்லைடர் தரவை அழிச்சுடுங்க. எடை மாற்றத்துக்கான வடிவம் மட்டும் இருந்தா போதும். அப்போ பெரிய உடல் போட்டவங்களுக்குத் தோல் தகட்டைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வருமேன்னு கேட்பீங்க. முழுக் கவசத்துக்குள்ள தோல் எதுக்கு? கண்ணுக்குத் தெரியாத உடல் பகுதியை மாஸ்க் பண்ணி நீக்கிடுங்க. கழுத்து வளையத்தில் மட்டும் ஒரு பட்டை விட்டு வைங்க. அந்த ஓரப் புள்ளிகளை நகர்த்தவே கூடாது, நகர்ந்தா தலைக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி தெரியும். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் இதே கவனம் வேணும்.

இதுல இன்னொரு லாபம். தோல் தெரியாத கவசம் எந்த உடல் மாட் போட்டவங்களுக்கும் அப்படியே பொருந்தும். வயிறும் தொடையும் தெரியுற கவசத்துக்குத்தான் ஒவ்வொரு உடல் மாட்டுக்கும் தனியா மாத்திச் செய்யணும்.

ஸ்கைரிமில் உடல் கவசத்துக்கு 0, 1 என்று முடியுற இரண்டு நிஃப் (மெஷ்) கோப்பு இருக்கும், ஒல்லி உடலுக்கு ஒண்ணு, பருமனுக்கு ஒண்ணு. இரண்டிலும் புள்ளிகளின் எண்ணிக்கையும் வரிசையும் ஒண்ணா இருக்கணும். ஒரு கோப்பில் மட்டும் பிளெண்டரில் கை வெச்சீங்கன்னா நடு எடையில் மெஷ் கந்தலாச் சிதறும். கதாபாத்திரம் உருவாக்கும் திரையில் எடையை 0, 50, 100 மூணுலயும் வெச்சுப் பாருங்க.

நிழல் பள்ளம்: அது மெஷ்ஷில் இல்லை, நார்மல் மேப்பில் (மேடு பள்ளத்தை ஒளியால் காட்டுற படம்) இருக்கு. பழைய வடிவத்திலேர்ந்து பேக் பண்ணின (கணக்கிட்டுப் பதிச்ச) படம் அப்படியே கிடக்குது. சமமாக்கின ஹை பாலி (நுணுக்கம் அதிகமுள்ள) மாடலை வெச்சு மறுபடி பேக் பண்ணுங்க. நிறப் படத்திலும் கையால் நிழல் தீட்டியிருந்தா அதையும் துடைக்கணும். பலரும் மெஷ்ஷைத் திருத்திட்டு இதை விட்டுடுறாங்க.

தனி மெஷ் அவசியம். ஆண் மெஷ்ஷையே பெண்ணுக்குக் கொடுத்தா தோள் அகலமும் கழுத்தும் பொருந்தாது. ஸ்கைரிமோட மாட் கருவியான கிரியேஷன் கிட்டில், கவசத்துக்கு மெஷ்ஷை இணைக்கிற ஆர்மர் ஆட்-ஆன் பதிவில் ஆண், பெண் இரண்டுக்கும் தனித்தனி இடம் இருக்கு. முதல் நபர் பார்வைக்கான மெஷ்ஷையும் அங்கேயே கொடுக்கணும், மறந்தா கை காணாமல் போகும்.

வெண்சாமரம்:

அடையாளம் பற்றிக் கேட்டீர்கள். கவசத்தை முழுக் கறுப்பாக நிரப்பி, 128 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவில் மார்புத்தகட்டின் கிண்ணம் முன்பக்கத்திலிருந்து தெரியவே தெரியாது. தெரிவது தோளுக்கும் இடுப்புக்கும் உள்ள விகிதம், தலை அளவு, கழுத்து, நிற்கும் விதம். தோள்கவசத்தைச் சிறிதாக்கி, இடை ஒடுக்கத்தை வைத்து, இடுப்புத் தகடுகளைச் சற்று விரித்தாலே வேறுபாடு வந்துவிடும். மீதியை முகம், முடி, குரல் பார்த்துக்கொள்ளும். தலைக்கவசத்தை மூடிய பிறகும் ஆணா பெண்ணா என்று தெரிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். டார்க் சோல்ஸ் (2011), எல்டன் ரிங் (2022) இரண்டிலும் பெரும்பாலான கவசங்கள் இரு பாலருக்கும் ஒரே வடிவம்தான், உடல் அளவுக்கு மட்டும் பொருத்தியிருப்பார்கள். அதனால் யாருக்கும் குழப்பம் வரவில்லை.

தோல் தெரிவதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஒரே பொருள் ஆணுக்குக் கவசமாகவும் பெண்ணுக்கு உள்ளாடையாகவும் மாறுவதுதான் தவறு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் ஆரம்ப ஆண்டுகளில் இது பரவலாக இருந்தது. ஸ்கைரிமிலேயே ஃபோர்ஸ்வோர்ன் உடையைப் பாருங்கள், ஆணும் பெண்ணும் இருவருமே பாதி உடம்பு தெரியத்தான் இருக்கிறார்கள். அது அந்த மலைக்குடிகளின் உடை என்று நம்ப முடிகிறது.

கதைக் காரணம் சொல்லிச் சமாளிப்பதையும் இதே அளவுகோலில் பாருங்கள். மெட்டல் கியர் சாலிட் 5 விளையாட்டில் (2015) குவைட் என்ற பெண் தோல் வழியாக மூச்சு விடுகிறாள், அதனால் உடை குறைவு என்றார்கள். அவளைப் போலவே உடம்பில் ஒட்டுண்ணிகளைக் கொண்ட தி எண்ட் என்ற கிழவர், 2004இல் வந்த மூன்றாம் பாகத்தில் முழு உடையோடு காட்டில் படுத்திருந்தார். காரணம் உடைக்குப் பிறகு எழுதப்பட்டால் இப்படித்தான் ஓட்டை விழும்.

உடையைத் திருத்தியும் அசைவும் கேமராவும் திருந்தாவிட்டால் பயனில்லை. ஸ்கைரிமில் பெண்களுக்குத் தனி நடை அசைவு இருக்கிறது, இடுப்பு அதிகம் ஆடும். எஃகுக் கவசத்தில் அது பொருந்தாது. உங்கள் சொந்தக் கதாபாத்திரமாக இருந்தால், கிரியேஷன் கிட்டில் எதிர்ப்பால் அசைவைப் பயன்படுத்தும் பெட்டியைத் தேர்வு செய்யலாம். வெளியீட்டுப் பக்கத்தில் போடும் படங்களையும் இரு பாலருக்கும் ஒரே கோணத்தில், ஒரே நிலையில் எடுங்கள்.

நெடுவழி:

எல்லோருக்கும் நன்றி. பால்ட்ரன் எலும்பு இருப்பது தெரியாமல் மேல்கைக்குக் கொடுத்திருந்தேன். உடல் தெரியும் வடிவமும் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அதை எப்படிச் சேர்ப்பது?

முக்கோணவலை:

விளையாட்டில் இருக்குற கவசத்தோட கோப்பை மாத்தாதீங்க. மாத்தினா அதை அணியுற ஒவ்வொரு பெண் கதாபாத்திரமும், கடைக்காரர் முதல் படைவீரர் வரை, அந்த வடிவத்துக்கு மாறிடுவாங்க. ஒருத்தர் தன் கதாபாத்திரத்துக்குக் கேட்டது ஊருக்கே போய்ச் சேரும். தனிக் கவசப் பதிவு, தனிச் செய்முறைப் பதிவு போட்டு, கொல்லுப் பட்டறையில் செய்யுற புதுப் பொருளாக் கொடுங்க. பெயரிலேயே வேறுபாடு தெரியட்டும். ஆணுக்கும் அதே அளவு திறந்த மெஷ் செய்யுங்க. காப்பு மதிப்பை முழுக் கவசத்தைவிடக் குறைச்சு, இலகு கவச வகையில் போடுங்க. நிறுவும்போது தேர்வு கேட்குற ஃபோமாட் அமைப்பில் முழுக் கவசம் இயல்பாத் தேர்வாகி இருக்கட்டும், மத்தது விரும்பினவங்க டிக் பண்ணிக்கட்டும்.

கவசக்கொல்லன்:

திறந்த வடிவம் செய்தாலும் எதைத் திறப்பது என்பதில் கவனம் வேண்டும். உண்மையான கவசத்தில் தகடு இல்லாத இடங்கள் அக்குள், முழங்கையின் உள்பக்கம், கவட்டை, முழங்காலின் பின்பக்கம். வளைய வேண்டிய இடங்கள் அவை. அங்கெல்லாம் சங்கிலிப் பின்னல் வரும். எடை குறைக்கப் போர்வீரர்கள் முதலில் கழற்றியது கால் தகடுகளையும் கைத் தகடுகளையும்தான். மார்புத்தகடும் தலைக்கவசமும் கடைசிவரை நின்றவை. அந்த வரிசையில் கழற்றுங்கள். வயிற்றைத் திறந்து தோளை மூடிய வடிவம் வேண்டாம்.