நிஜின்ஸ்கியின் தங்கை: எதில் ஆரம்பிக்கலாம்?

தில்லானா: ரஷ்ய பாலே கலைஞர் நிஜின்ஸ்கி பற்றி எதைப் படித்தாலும், "தங்கை ப்ரோனிஸ்லாவா நிஜின்ஸ்காவும் நடனம் அமைத்தவர்" என்று ஒரு வரி வந்துபோகிறது. அந்த ஒரு வரிதானா அவர்? ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் எதைப் பார்ப்பது?

ஒத்திகைக்கூடம்: அந்த வரியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 1911இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் மாரின்ஸ்கி அரங்கில் அண்ணனை வேலையை விட்டு நீக்கியதும் தானும் ராஜினாமா செய்தவர். 'வசந்தத்தின் சடங்கு' பாலேயில் பலியாகும் பெண்ணின் ஆட்டத்தை அண்ணன் உருவாக்கியதே இவர் உடம்பை வைத்துத்தான். கர்ப்பமானதால் 1913இல் மேடையேறியது மரியா பில்ட்ஸ். அப்புறம் கியேவில் சொந்தப் பள்ளி, 1921இல் அங்கிருந்து வெளியேறினார்.

நீங்கள் பார்க்க வேண்டியது இவர் அமைத்த 'லே நோஸ்' பாலே. முதல் மேடை 1923 ஜூன் 13, பாரிஸ். ரஷ்யக் கிராமத்துக் கல்யாணம், இசை ஸ்ட்ராவின்ஸ்கி. நாலு பியானோ, தாள வாத்தியங்கள், பாடகர்கள், அவ்வளவுதான். ஓவியர் கோன்சரோவா முதலில் வரைந்து கொடுத்த உடைகள் கலர் கலராக இருந்தன. நிஜின்ஸ்கா வேண்டவே வேண்டாம் என்றார். குழுவை நடத்திய தியாகிலெவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கடைசியில் நின்றது இவர் சொன்ன பழுப்பும் வெள்ளையும்தான்.

முதல் காட்சியில் கண்ணை ஜடைமேல் வையுங்கள். மணப்பெண்ணின் பின்னல் ஆளை மீறிய நீளம். தோழிகள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தலைமேல் தலையாகச் சாய்ந்து ஒரு கோபுரமே எழும்பும். பெண்ணின் முகத்தில் சிரிப்பைத் தேடாதீர்கள், கிடையாது. இது அவளைக் கேட்டுச் செய்த கல்யாணமில்லை.

அடுத்தது கால். நுனிக்காலில் நிற்பது என்றாலே தேவதை, காற்று, மிதப்பு என்றிருந்த காலம். இவர் அதே பாயின்ட் ஷூவை மாட்டிவிட்டு, உலக்கை போடுவதுபோல் தரையில் இறக்கச் சொன்னார். மணமக்கள் சேர்ந்தாடும் ஜோடி நடனம் என்று தேடினாலும் ஏமாற்றம்தான்.

பட்டுத்திரை: இதில் ஆரம்பித்தால் பாதியிலேயே மூடிவிடுவார்! 1924இல் வந்த 'லே பிஷ்' முதலில் பாருங்கள். பூலான்க் இசை, பணக்கார வீட்டு விருந்து, அரசல்புரசலான காதல்கள். முத்துச் சரங்களோடு சிகரெட் ஹோல்டரும் கையுமாக வரும் வீட்டுக்காரியாக ஆடியது நிஜின்ஸ்காவேதான். இந்தக் கேலி பிடித்துப்போனால் 'லே நோஸ்' தானாகப் பிடிக்கும்.

ஒத்திகைக்கூடம்: 'லே பிஷ்' அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் கேட்டது ஒன்றே ஒன்று. 'லே நோஸ்' அரை மணிக்கும் குறைவுதானே, பார்க்கட்டும்.

தில்லானா: பதிவு கிடைக்குமா?

ஒத்திகைக்கூடம்: ராயல் பாலே ஆடியது இருக்கிறது. 1960களில் அங்கே இயக்குநராக இருந்த ஆஷ்டன் இவரையே லண்டனுக்கு வரவழைத்து இரண்டையும் மறுபடி மேடையேற்றினார்: 1964இல் 'லே பிஷ்', 1966இல் 'லே நோஸ்'. நல்ல ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு பாருங்கள், லேப்டாப் ஸ்பீக்கரில் பியானோ வெறும் தகர டப்பாச் சத்தமாகக் கேட்கும்.