நடுத்தர நகரத்துக்குக் குடிபெயரலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். பெருநகரத்தில் எங்கள் சம்பளத்தில் பெரும்பகுதி வாடகைக்கே போய்விடுகிறது. செலவு குறைந்த நடுத்தர நகரம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு மாறலாமா என்று யோசிக்கிறோம். எனக்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலை. என் பயமே அதுதான்: நாளைக்கு இந்த வேலை போனால், அல்லது அலுவலகத்துக்கு வரச் சொன்னால், அங்கே இதே துறையில் இன்னொன்று கிடைக்குமா? கணவர் அங்கே போய்த்தான் வேலை தேட வேண்டும். வாடகையில் மிச்சமாவது வண்டிச் செலவிலும், சிறப்பு மருத்துவரைப் பார்க்க வெளியூர் போவதிலும் கரைந்துவிடுமோ என்றும் தோன்றுகிறது. முதல் வருடம் வாடகை வீடுதான், அதில் உறுதியாக இருக்கிறோம். இப்படி மாறியவர்கள், முக்கியமாகப் போய்விட்டுத் திரும்பி வந்தவர்கள், ஏன் திரும்பினீர்கள் என்று சொல்ல முடியுமா? பிள்ளைகள் புதுப் பள்ளியில் ஒட்டிக்கொள்ள எவ்வளவு நாளானது?